சித்திரை வெயிலிலும் குளிர்ந்த இன்ஜின்

'கோல்டு ஸ்டார்ட்' என்றாலே அது காஷ்மீர்க்காரர்களும் கனடாக்காரர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நம்மூர்க் கார்க்காரர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இன்ஜின் எப்பவுமே சூடாத்தானே சார் இருக்கு" என்பார்கள். காலையில் சாவியைத் திருப்பிய கையோடு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டின் சரிவில் உறுமிக்கொண்டு ஏறி, இரண்டாவது நிமிடத்தில் மேம்பாலத்தில் லாரியை ஓவர்டேக் செய்வது அவர்களுக்குச் சாதாரணம். அந்த இரண்டு நிமிடத்தில் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் ஆக்ஸிலரேட்டரை அமுக்கும் கால் தானாகத் தளரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கார் இன்ஜினின் ஒவ்வொரு பாகமும், கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் வாக்கிலும் ஆயில் 100 டிகிரி வாக்கிலும் இருக்கும்போது சரியாக வேலை செய்யும்படி அளவெடுத்துச் செய்யப்பட்டது. சென்னையில் மே மாத விடியற்காலையில் 28 டிகிரி இருக்கும். ஜனவரியில் 21. அதாவது அக்னி நட்சத்திரத்தில் கூலன்ட் 62 டிகிரி ஏறியாக வேண்டும். தை மாதத்தில் 69. வித்தியாசம் ஏழே டிகிரி. கனடாவின் வின்னிபெக் நகரில் மைனஸ் 25 டிகிரிக் காலையில் காரை எடுப்பவருக்கு இதே கணக்கு 115 டிகிரி. அவருடைய இன்ஜின் ஏற வேண்டிய ஏற்றத்தில் பாதிக்கு மேல் நம் இன்ஜினும் தினமும் காலையில் ஏறித்தான் ஆக வேண்டும். நமக்குப் புழுக்கமாக இருக்கிற காலை, இன்ஜினுக்குக் குளிர்காலம்தான்.

எண்ணெய் வகைகள் வெப்பத்தோடு எப்படி மாறும் என்பதற்கு நம் வீடுகளில் பாடமே தேவையில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து எடுக்காத வீடு குறைவு. இன்ஜின் ஆயில் அப்படி உறைந்துபோவதில்லை. ஆனால் அதன் பாகுத்தன்மை வெப்பத்தோடு மாறும் அளவு கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகம். இன்று பல பெட்ரோல் கார்களில் ஊற்றப்படும் 5டபிள்யூ-30 ஆயிலை எடுத்துக்கொள்வோம். 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மை சுமார் 11 அலகு இருக்கும். 40 டிகிரியில் 65 வாக்கில். சென்னையின் 30 டிகிரிக் காலையில் ஏறக்குறைய 100. அதாவது சூடான ஆயிலைவிட ஒன்பது மடங்கு கெட்டி. ஊட்டியில் உறைபனி விழும் காலையில், பூஜ்ஜியம் டிகிரியில், சுமார் ஐம்பது மடங்கு.

டப்பாவில் எழுதியிருக்கும் 5டபிள்யூ என்பதில் உள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு இந்த ஆயில் இளகி இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த தரம். நமக்கு மைனஸ் 30 எதற்கு என்று கேட்கலாம். அந்தக் குளிரிலும் இளகி நிற்கும் ஆயில் 25 டிகிரியிலும் 20டபிள்யூ-50 போன்ற பழைய கெட்டி ஆயிலைவிடச் சீக்கிரம் மேலே போய்ச் சேரும் என்பதே பதில். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று சொல்லி, கம்பெனி சொன்ன 0டபிள்யூ-20க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் இன்னும் சில ஒர்க்ஷாப்புகளில் இருக்கிறது. இன்றைய இன்ஜின்களின் குறுகிய ஆயில் வழிகளுக்கு அது செய்யும் கெடுதலை முதல் சில விநாடிகளில் காதாலேயே கேட்கலாம். டாப்பெட் சத்தம் அடங்க நேரமாகும்.

இரவு முழுக்க நின்ற காரில் ஆயிலின் பெரும்பகுதி கீழே சம்ப் எனும் ஆயில் தட்டில் வடிந்து கிடக்கும். பேரிங்குகளிலும் கேம் ஷாஃப்டிலும் மெல்லிய ஈரம் மட்டும் மிஞ்சும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பம்ப் சம்ப்பிலிருந்து உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் பிறகு சிலிண்டர் ஹெட்டுக்கும் அனுப்பும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் சில விநாடிகளில் இது நடந்துவிடும். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு அணையும். ஆனால் அந்த விளக்கு சொல்வது ஒரே இடத்தின் அழுத்தத்தைத்தான். ஆயில் கெட்டியாக இருக்கும்போது பம்ப்பின் அழுத்தம் எல்லை மீறும். உடனே ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலின் ஒரு பங்கைத் திரும்பச் சம்ப்புக்கே கொட்டிவிடும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொள்ளலாம். அப்போது வடிகட்டாத ஆயில் நேரே உள்ளே போகும். அழுத்தம் இருக்கிறது, ஓட்டம் குறைவு. இந்த நிலையில் ஆர்.பி.எம். முள்ளை 5,000க்கு ஏற்றினால் தேவை பல மடங்கு கூடும். வரத்து அதே வேகத்தில் கூடாது.

ஆயில் எப்படி உலோகத்தைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ள 1883க்குப் போக வேண்டும். பிரிட்டனின் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்காக பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெயில் முழுகியிருக்கும். மேலே பித்தளை பேரிங் பாரத்தோடு உட்கார்ந்திருக்கும். எண்ணெய் ஊற்றுவதற்காக அந்த பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார், கார்க்கைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். பேரிங் மேல் இருந்த சராசரிப் பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானியின் முள் 200ஐத் தாண்டிப் போய்விட்டது. சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், குறுகும் இடுக்கில் திணித்து, அந்த அழுத்தத்தின் மேல் பேரிங்கையே தூக்கி நிறுத்துகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. மூன்றே ஆண்டுகளில், 1886ல், மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாடு எழுதினார். இன்றைக்கும் இன்ஜின் பேரிங்குகள் அந்தச் சமன்பாட்டை வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. இயந்திரவியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். கெட்டி ஆயில் என்றால் படலமும் தடிமனாகத்தானே இருக்கும். அப்படியானால் குளிர்ந்த இன்ஜினில் பேரிங் இன்னும் பத்திரமாக அல்லவா இருக்க வேண்டும்? கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைப் பொறுத்தவரை, ஆயில் போய்ச் சேர்ந்த பிறகு, அது உண்மைதான். பிரச்சினை வேறு இடங்களில். பிஸ்டன் ரிங் சிலிண்டரின் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும் அந்தக் கணத்தில் ஆயிலை இழுத்துத் திணிக்க இயக்கம் இல்லை, படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். கேம் ஷாஃப்டின் மூக்கும் அப்படியே. இந்த இடங்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மத்தைக் கலக்கிறார்கள். உரசும் இடத்தில் அது கண்ணாடி போன்ற மிக மெல்லிய காப்புப் பூச்சாகப் படியும். தேயத் தேயப் புதிதாகப் படிய வேண்டும். படிவதற்கு அழுத்தத்தோடு சூடும் வேண்டும். ஆயில் குளிர்ந்திருக்கையில் தேய்வது வேகமாகவும் படிவது மெதுவாகவும் நடக்கிறது.

ஆயிலைவிடப் பெரிய விஷயம் பிஸ்டன். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட பழைய பிஸ்டன்கள் கிடைக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வட்டமாகத் தெரியும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் அது வட்டமே இல்லை. பிஸ்டன் பின் போகும் திசையில் சற்றுக் குறுகலாக, நீள்வட்டமாக இருக்கும். மேலிருந்து கீழே பார்த்தாலும் ஒரே அளவில்லை. தலைப்பக்கம் சிறுத்து, கீழே ஸ்கர்ட் பகுதியில் அகன்றிருக்கும். தீ எரிகிற தலை அதிகம் சூடாகி அதிகம் விரியும், பிஸ்டன் பின் வரும் பக்கம் உலோகம் அதிகம் இருப்பதால் அங்கேயும் கூடுதலாக விரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்த அளவுக்குக் குறைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். சூடு ஏறி முடிந்த பிறகுதான் அது சிலிண்டருக்குப் பொருந்துகிற உருளையாகும். குளிர்ந்த பிஸ்டனின் வடிவம் வேலைக்கான வடிவம் அல்ல.

பிஸ்டன் அலுமினியக் கலவை. பல இன்ஜின்களில் அது உரசி ஓடும் சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய பிஸ்டன் 50 டிகிரி சூடேறினால் 0.075 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு வார்ப்பிரும்பு, அதே 50 டிகிரிக்கு, 0.04 மில்லிமீட்டர்தான் விரியும். ஸ்கர்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியோ பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேலும் இரண்டும் ஒரே நேரத்தில் சூடாவதில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கினால் தீ நேரே படும் பிஸ்டன் தலை ஒரு நிமிடத்துக்குள் 200 டிகிரியைத் தாண்டிவிடும். சுற்றிலும் குளிர்ந்த கூலன்ட் நிற்கும் சிலிண்டர் சுவர் பின்தங்கியே வரும். விரிகிற பிஸ்டன், விரியாத சிலிண்டர், நடுவே இளகாத ஆயில். உடனே இன்ஜின் இறுகிவிடாது. வடிவமைப்பாளர்கள் இதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள், ஸ்கர்ட்டில் கறுப்பாகத் தெரியும் கிராபைட் பூச்சு அதற்காகத்தான். ஆனால் பழைய பிஸ்டன்களில் அந்தக் கறுப்புப் பூச்சு தேய்ந்து, நகத்தால் தடவினால் தட்டுப்படும் நெடுக்குக் கோடுகளைப் பார்க்கும்போது, அந்த இடைவெளி எத்தனை முறை இல்லாமல் போயிருக்கும் என்று புரியும். "ஆயில் குடிக்குது, புகை தள்ளுது, போர் பண்ணணும்" என்று மெக்கானிக் சொல்லும் நாள் அந்தக் கோடுகளிலிருந்துதான் கிளம்பி வருகிறது.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. 35 டிகிரியில் கொதிக்கிற லேசான சேர்மம் முதல் 200 டிகிரி பக்கம் கொதிக்கிற கனமான சேர்மம் வரை சேர்ந்த கலவை. குளிர்ந்த சிலிண்டரில் லேசானவை ஆவியாகும். கனமானவை திரவமாகவே நிற்கும். ஆவியானது மட்டும்தான் எரியும். எனவே இன்ஜினின் கணினி, கூலன்ட் சென்சார் சொல்லும் சூட்டைப் பார்த்து, வழக்கத்தைவிடக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். அம்பாசடரிலும் பத்மினியிலும் முதல் மாருதி 800-களிலும் சோக் பட்டனை இழுத்து நாமே செய்த வேலை இது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு, ரிங் இடுக்கு வழியாகச் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். நாம் எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு கூடுதலாக ஊற்றும். இப்போது நம் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. எத்தனாலை ஆவியாக்கப் பெட்ரோலுக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் முதல் சில நிமிடங்களில் இன்ஜினில் இல்லை.

தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரின் டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை அடிக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறு என்ன ஆகும்? சூடான இன்ஜினில் அது ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் சுவரில் படிந்து துளிகளாகும். காலையில் சைலன்சர் முனையில் சொட்டும் நீர் இதுதான். ரிங் இடுக்கு வழியே கசிந்து சம்ப்புக்குள் போன ஆவி அங்கே ஆயிலோடு கலந்து, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர் பழுப்பு நிறக் கூழாக ஒட்டிக்கொள்ளும். எரியும்போது உண்டாகும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் இந்தத் துளிகளில் கரைந்து அமிலமாகும். 1930களில் பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ் செய்த ஆராய்ச்சிகள் சிலிண்டர் தேய்மானத்தைப் பற்றிய எண்ணத்தையே மாற்றின. உரசலைவிட, குளிர்ந்த சுவரில் படியும் அமிலத்தின் அரிப்புதான் பெரிய காரணம் என்று அவை காட்டின. சுவரின் வெப்பம் குறையக் குறையத் தேய்மானம் செங்குத்தாக ஏறியது. அன்றைய எரிபொருளில் கந்தகம் அதிகம். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் பிஎஸ்-6 பெட்ரோலில் பத்து லட்சத்தில் 10 பங்குதான். ஆயிலிலும் அமிலத்தை முறிக்கக் காரப்பொருள் கலந்திருக்கிறார்கள். அதனால் அன்றைய அளவுக்கு இன்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காரப்பொருள் செலவழிந்துகொண்டே போகிற சரக்கு.

"இன்ஜின் தேய்மானத்தில் முக்கால்வாசி ஸ்டார்ட் செய்யும்போதுதான்" என்று ஆயில் விளம்பரங்களில் வருகிற சதவீதத்தை நான் இங்கே தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. நாள் முழுக்க ஓடும் டாக்ஸிக்கும், வாரத்தில் இரண்டு நாள் கோயிலுக்குப் போய்வரும் காருக்கும் ஒரே சதவீதம் பொருந்தவே முடியாது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் டாக்ஸியின் இன்ஜின் திடமாக இருப்பதும், 30,000 மட்டும் ஓடிய வீட்டுக் கார் ஆயில் குடிப்பதும் ஏன் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

அப்படியானால் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நிறுத்தி வைத்து, நன்றாகச் சூடேறியதும் கிளம்பலாமே? பலருடைய அப்பாக்கள் அப்படித்தான் செய்தார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. சோக் போடாமல் கிளம்பினால் வண்டி இருமி நின்றுவிடும். எரிபொருளை அளந்து பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. ஐடிலில் நிற்கும் சிறிய பெட்ரோல் கார் மணிக்கு முக்கால் லிட்டர் வாக்கில்தான் எரிக்கும். நூறு கிலோ உலோகத்தையும் நான்கைந்து லிட்டர் கூலன்ட்டையும் மூன்றரை லிட்டர் ஆயிலையும் அந்தச் சின்ன அடுப்பில் 60 டிகிரி ஏற்ற வேண்டுமானால், நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில், அரை மணி நேரம் ஆகும். மெதுவாக ஓட்டினால் எட்டு, பத்து நிமிடம் போதும். நிறுத்தி வைப்பதால் குளிர்ந்த நிலையில் கழியும் நேரத்தை நாமே நீட்டுகிறோம். அத்தனை நேரமும் கூடுதல் பெட்ரோல் சுவரைக் கழுவிக்கொண்டிருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரிக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். அதுவரை கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறும். மூடிய ஷெட்டிலோ காற்றோட்டமில்லாத பேஸ்மென்ட்டிலோ இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். ஜெர்மனியில் காரணமில்லாமல் இன்ஜினை ஓடவிடுவதைச் சாலைச் சட்டமே தடுக்கிறது.

சரியான வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு அணைந்து, 1,200க்கு மேல் நிற்கும் ஐடில் சற்று இறங்குவதற்குள் சீட் பெல்ட் போட்டு கண்ணாடியைச் சரிசெய்துவிடலாம்; அரை நிமிடம் தாராளம். பிறகு கிளம்புங்கள். ஆனால் மெதுவாக. பெட்ரோல் காரில் ஆர்.பி.எம். 2,000க்கும் 2,500க்கும் நடுவே இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டர் பாதிக்கு மேல் வேண்டாம். டீசல் காரில் இன்னும் கொஞ்சம் குறைவாகவும் இன்னும் கொஞ்சம் அதிக நேரமும். மெதுவாக என்றால் ஐந்தாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜினைத் திணறடித்துக்கொண்டு போவது என்று பொருளல்ல. குறைந்த சுழற்சியில் அதிகப் பாரம் ஏற்றினால் ஆயில் படலத்துக்கு அது விரட்டுவதைவிட மோசம். கியரைக் குறைத்து, இன்ஜின் லேசாகச் சுழலும்படி ஓட்ட வேண்டும்.

எவ்வளவு தூரம்? இங்கேதான் டேஷ்போர்டு ஏமாற்றும். மாருதி, ஹோண்டா, டொயோட்டா கார்கள் பலவற்றில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் ஒரு விளக்கு எரியும். அது அணைந்தால் இன்ஜின் தயார் என்று நினைக்கிறார்கள். அது சொல்வது கூலன்ட்டின் கதையை. அதுவும் முழுச் சூட்டுக்கு முன்பே அணைந்துவிடும். கூலன்ட் சீக்கிரம் சூடாகும்படி, தெர்மோஸ்டாட் 82 டிகிரி பக்கம் வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடியே வைத்திருக்கிறது. அடியில் சம்ப்பில், காற்று படும் தட்டில் கிடக்கும் ஆயிலுக்கு அந்த வசதி கிடையாது. வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் 60, 70 டிகிரியில் இருக்கலாம். அதற்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் தேவை. நகர ஓட்டத்தில் மொத்தம் பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. பிஎம்டபிள்யூ இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு 1998ல் வந்த எம்5 காரின் ஆர்.பி.எம். மீட்டரிலேயே விளக்குகளை வரிசையாக வைத்தது. ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இப்போது இவ்வளவு வரை போகலாம் என்று ஓட்டுபவருக்குச் சொல்லும். பத்து லட்ச ரூபாய்க் காரிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. சென்சாரும் நாலு விளக்கும் பெரிய செலவே அல்ல.

நம் மாநிலத்தில் இந்த விஷயம் உண்மையாகவே சோதிக்கப்படும் இடம் மலையடிவாரம். ஊட்டிக்குப் போகிறவர்கள் முதல்நாள் இரவு மேட்டுப்பாளையத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, விடியற்காலையில் கூட்டம் சேரும் முன் ஏறிவிட வேண்டும் என்று ஐந்து மணிக்குக் கிளம்புவார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய 1,400 கிலோ காரை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். இரண்டாவது கியர், 3,000 ஆர்.பி.எம்., வளைவுக்கு வளைவு முழு ஆக்ஸிலரேட்டர். இரவு முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினுக்கு இதைவிடக் கடினமான காலை வேலை கிடையாது. நல்லவேளையாக அந்தச் சாலையின் அமைப்பே நமக்கு உதவுகிறது. ஊரைத் தாண்டிக் கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஏழெட்டு கிலோமீட்டர் சமதளம். அதன் பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. மலை ரயிலின் பல்சக்கரப் பாதையும் கல்லாற்றில்தான் ஆரம்பம். அந்தச் சமதளத்தை 50 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகக் கடந்தால் முதல் கொண்டை ஊசி வளைவுக்குள் கூலன்ட் முழுச் சூட்டிலும் ஆயில் ஓரளவு சூட்டிலும் இருக்கும். அங்கே 90ல் பறந்து, கல்லாற்றில் கிடைக்கும் முதல் ஏற்றத்தில் பஸ்ஸை முந்துவது வீண் வேலை. அடிவாரத்திலேயே தங்கி, வாசலைத் தாண்டியதும் ஏற்றத்தில் கால் வைக்க வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே வேறு வழியில்லை. சிறிய கியரில், பாதி ஆக்ஸிலரேட்டரில், பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் ஒதுங்கி வழிவிட்டு ஏறுவதுதான் முறை.

ஊட்டியிலிருந்து காலையில் இறங்குபவர்களுக்கு வேறு நிலைமை. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் கணினி பெட்ரோலையே நிறுத்திவிடும்; எரிவதே இல்லாதபோது சூடு எங்கிருந்து வரும்? பல கிலோமீட்டர் இறங்கிய பிறகும் முள் நடுவுக்கு வராது. அதற்காக இன்ஜின் பிரேக்கிங்கை விட்டுவிட்டு நியூட்ரலில் உருட்டக் கூடாது. இறக்கத்தில் இரண்டாவது கியர் உங்கள் உயிரைக் காப்பது. பிரேக்கா இன்ஜினா என்று வந்தால் யோசிக்காமல் இன்ஜினைத் தேய விடுங்கள்.

இப்போது பத்து, பன்னிரண்டு லட்ச ரூபாய்க் கார்களிலேயே டர்போ பெட்ரோல் வந்துவிட்டது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. பீச்சம் டவர் பார்த்த அதே படலம்தான், ரயில் அச்சைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில். டர்போ கார் வைத்திருப்பவர் முதல் பத்து கிலோமீட்டரில் பூஸ்ட் வரும் அளவுக்கு அமுக்காமல் இருப்பது நல்லது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இது பொருந்தும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்தில் நாலு முறை ரேஸ் கொடுப்பது தெருவையே எழுப்புவதோடு சரி. இன்ஜினுக்கு அதில் நன்மை எதுவும் இல்லை, கெடுதல் உண்டு.

எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் தீராத ஒன்று குட்டிப் பயணம். பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், காய்கறிக் கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று ஓடும் கார் ஒருநாளும் முழுச் சூட்டைத் தொடுவதில்லை. சம்ப்பில் சேர்ந்த பெட்ரோலும் தண்ணீரும் ஆவியாகிப் போக ஆயில் 80, 90 டிகிரியைத் தொட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு டொயோட்டா ஒரு காலத்தில் அழகான வழி கண்டது. 2004 முதல் அமெரிக்காவில் விற்ற பிரியஸ் காரில், சூடான கூலன்ட்டைப் பெரிய ஃபிளாஸ்க்கில் பிடித்துவைத்து, மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் திரும்ப ஓட விட்டார்கள். நம் கார்களில் ஃபிளாஸ்க் கிடையாது. அதனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு நடையோ சைக்கிளோ மேல். கார்தான் வேண்டும் என்றால் நாலு வேலையை ஒரே சுற்றில் முடியுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது நிற்காமல் அரை மணி நேரம் ஓடும் சாலையில் வண்டியைக் கொண்டுபோய் வாருங்கள்.

காரோடு வந்த மேனுவலை எடுத்து சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். பலவற்றில் இரண்டு அட்டவணை இருக்கும்: ஒன்று சாதாரண உபயோகத்துக்கு, மற்றொன்று கடின உபயோகத்துக்கு. கடின உபயோகம் என்ற தலைப்பின் கீழ் மலைப்பாதைக்கும் தூசிக்கும் பக்கத்திலேயே 'அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது' என்றும் இருக்கும். அதுதான் உங்கள் ஓட்டம் என்றால், 10,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருக்காமல், அந்த இரண்டாவது அட்டவணையில் போட்டிருக்கும் தேதியில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.